எப்போதாவது ஆடுபவருக்குக் கோல்ஃப் மட்டைகள்: குறைந்த செலவில் எதை, எப்படி வாங்குவது?

கேள்வி கேட்டவர்: ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரன்

வணக்கம். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு கோல்ஃப் பக்கம் வந்தவன் நான். நண்பர் ஒருவரின் மட்டைகளை இரவல் வாங்கிக்கொண்டு ஐந்தாறு முறை பயிற்சித் திடலுக்கும், இரண்டு முறை ஒன்பது குழி ஆட்டத்துக்கும் போய்வந்திருக்கிறேன். ஆட்டம் பிடித்துவிட்டது. ஆனால் மாதத்துக்கு இரண்டு முறைக்கு மேல் ஆட நேரமும் இல்லை, போட்டிகளில் கலந்துகொள்ளும் எண்ணமும் இல்லை. எத்தனை நாள்தான் இரவல் கேட்பது என்ற கூச்சத்தில் சொந்தமாக வாங்கிவிடலாம் என்று கடைக்குப் போனேன். அங்கே டிரைவர் (முதல் நீண்ட அடிக்கான மட்டை) ஒன்றுக்கு மட்டும் சொன்ன விலையிலேயே, இந்த ஆட்டத்துக்கென்று நான் ஒதுக்கி வைத்திருந்த தொகை முழுவதும் கரைந்துவிடும் என்று தெரிந்ததும் பேசாமல் திரும்பிவிட்டேன்.

இப்போது எனக்கு மூன்று வழிகள் தெரிகின்றன. பையோடு சேர்த்துப் பெட்டியில் விற்கும் புதிய தொடக்கநிலைத் தொகுப்பை வாங்கலாம். யாராவது பயன்படுத்திய முழுத் தொகுப்பை வாங்கலாம். அல்லது ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். இரண்டாவது வழியில் ஒன்று கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. 3ஆம் எண் முதல் பிட்சிங் வெட்ஜ் (கிட்டத் தூரத்துக்கானது) வரை எட்டு அயர்ன்கள் (உலோகத் தலை மட்டைகள், எண் கூடக் கூடத் தூரம் குறையும்), முகச் சாய்வு 9 டிகிரி உள்ள டிரைவர் ஒன்று, பந்தைக் குழிக்குள் தட்டும் பட்டர் ஒன்று, எல்லாம் சேர்த்துப் பெட்டித் தொகுப்பின் விலையில் ஏறக்குறைய பாதிக்குத் தருவதாகச் சொல்கிறார்கள். அயர்ன்களின் தலைகள் பார்க்க மெலிதாகவும் பளபளப்பாகவும் இருக்கின்றன. தண்டு எஃகு, அதில் ‘ஸ்டிஃப்’ (விறைப்பானது) என்று எழுதியிருக்கிறது. நன்றாக ஆடுபவர் ஒருவர் வைத்திருந்தவை என்பதால் எனக்கும் ஆசை வந்துவிட்டது. என் உயரம் 5 அடி 4 அங்குலம், வலக்கை ஆட்டக்காரன், நூறு பந்து அடித்தால் மறுநாள் முழங்கை லேசாக வலிக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டும்.

பதில்: ஏழு மட்டை

நண்பரே, அந்த எட்டு அயர்ன்களை நன்றாக ஆடுபவர் வைத்திருந்தார் என்பதே நீங்கள் அவற்றை வாங்காமல் இருப்பதற்குப் போதுமான காரணம். நீங்கள் வர்ணிப்பது பிளேடு வகை. எடை முழுவதும் பந்தில் படும் முகத்தின் நடுப்பகுதிக்குப் பின்னால் குவிந்திருக்கும் அந்த வகையில், பந்து சரியான இடத்தில் பட்டால் பட்டதே கைக்குத் தெரியாது. அரை அங்குலம் தள்ளிப் பட்டால் தலை திரும்பி, கை அதிர்ந்து, பந்து பாதி வழியிலேயே விழும். பின்புறத்தைக் குடைந்து அந்த எடையை விளிம்புகளுக்குப் பரப்பிய கேவிட்டி பேக் வகையில், அதே தவறான அடியும் ஓரளவு நேராகவும் தூரமாகவும் போகும். பிங் நிறுவனத்தைத் தொடங்கிய பொறியாளர் கார்ஸ்டன் சோல்ஹைம் முன்னெடுத்த இந்த அமைப்பு, 1982இல் வந்த ‘ஐ 2’ அயர்ன்களோடு பரவலாகிவிட்டது. ஆகவே இருபது வருடம் பழைய தொகுப்பாக இருந்தாலும் கேவிட்டி பேக் கிடைக்காமல் போகாது, அதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டிய தேவையும் பெரும்பாலும் வராது.

அடுத்து, எத்தனை மட்டைகள் என்ற கேள்வி. விதிப்படி ஒருவர் 14 மட்டைகள் வரை எடுத்துச் செல்லலாம் என்பதால், 14 இருந்தால்தான் ஆட்டம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் அது உச்சவரம்பு மட்டுமே. 1930களில் சிலர் இருபதுக்கும் மேற்பட்ட மட்டைகளைப் பையில் திணித்துச் சுமையாளிடம் கொடுத்ததைப் பார்த்துத்தான் அமெரிக்காவில் 1938இலும் பிரிட்டனில் மறு ஆண்டிலும் அந்த வரம்பைக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்பு, 1916ஆம் ஆண்டு யு.எஸ். ஓப்பன் போட்டியைச் சிக் எவன்ஸ் வென்றபோது அவர் பையில் இருந்தவை ஏழே ஏழு, அவையும் ஹிக்கரி மரத் தண்டுகள். நான்கு சுற்றுகளில் அவர் எடுத்த 286 அடிகளை மாதம் இரு முறை ஆடும் நம்மால் கனவில்கூடத் தொட முடியாது என்பது வேறு விஷயம்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் ஏறத்தாழ 18 டிகிரி சாய்வுள்ள 5ஆம் எண் ஃபேர்வே வுட் (டிரைவரைவிடச் சிறிய தலையும் குட்டைத் தண்டும் உள்ளது) ஒன்று, 22 முதல் 24 டிகிரிக்குள் ஹைப்ரிட் (வுட்டுக்கும் அயர்னுக்கும் இடைப்பட்டது) ஒன்று, 6, 8 ஆகிய அயர்ன்கள், பிட்சிங் வெட்ஜ், மணலிலிருந்து பந்தை எடுக்கும் 56 டிகிரி சாண்ட் வெட்ஜ், பட்டர் ஆகிய ஏழோடு நிறுத்திக்கொள்வேன். (பட்டர் என்று எழுதும்போதெல்லாம் வெண்ணெய்தான் நினைவுக்கு வருகிறது, என்ன செய்வது!) 7ஆம் எண் தூரத்துக்கு அடிக்க வேண்டியிருந்தால், 6ஆம் எண்ணின் கைப்பிடியில் ஓர் அங்குலம் கீழே இறக்கிப் பிடித்து அடித்தால் போதும். டிரைவரை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். பட்டரை விட்டுவிட்டால், பையிலேயே நீளமான தண்டும் மிகக் குறைந்த சாய்வும் அதற்குத்தான். புதியவரின் பந்து வலப்பக்கப் புதருக்குள் வளைந்து போவது பெரும்பாலும் அதனால்தான். 5ஆம் எண் வுட்டில் கொஞ்சம் தூரம் குறையும், ஆனால் பந்தைத் தேடும் நேரமும் குறையும்.

பதில்: பட்டறை மேசை

மேலே எழுதிய நண்பரின் பட்டியலோடு எனக்குச் சண்டை இல்லை. பல வருடங்களாகக் கைப்பிடி மாற்றுவதும் தண்டு மாற்றுவதுமாகவே இருப்பவன் என்ற முறையில், பழைய மட்டையை வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ஏனென்றால் என் மேசைக்கு வருபவற்றில் பாதி, வாங்கிய அன்றே இரண்டு நிமிடம் பார்த்திருந்தால் வந்திருக்கவே தேவையில்லாதவை.

முதலில் அயர்ன்களை எண் வரிசைப்படி சுவரில் சாய்த்து, தலைகள் ஒரே நேர்க்கோட்டில் தரையில் இருக்கும்படி நிறுத்துங்கள். கைப்பிடிகளின் மேல் நுனிகள் மாடிப்படிபோல ஒவ்வொன்றும் அரை அங்குலம் ஏறிக்கொண்டே போக வேண்டும். இடையில் ஒரு படி குட்டையாகவோ இரண்டு படிகள் சமமாகவோ இருந்தால், அந்த மட்டையின் தண்டு எப்போதோ உடைந்து மாற்றப்பட்டிருக்கிறது அல்லது யாரோ தமக்கேற்றபடி வெட்டியிருக்கிறார்கள் என்று பொருள். எஃகுத் தண்டாக இருந்தால் அதன் மேல் ஓடும் சிறு படிக்கட்டு வளையங்களையும், தண்டில் ஒட்டியிருக்கும் பட்டையின் எழுத்துகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தால் விற்பவரிடம் கேட்டுவிடுங்கள்.

பிறகு ஒரு கையால் தலையையும் மறு கையால் கைப்பிடியையும் பிடித்து, துணி பிழிவதுபோல எதிரெதிராக முறுக்குங்கள். தலை கடுகளவு அசைந்தாலும் உள்ளே பசை விட்டுவிட்டது. காதருகே வைத்துக் குலுக்கும்போது உள்ளே ஏதோ உருண்டால் பெரும்பாலும் அது உதிர்ந்த பசைத் துண்டுதான். ஆட்டத்தைக் கெடுக்காது என்றாலும் எரிச்சலூட்டும். எஃகில் மேலோட்டமான துருவைத் தேய்த்து எடுத்துவிடலாம், ஆனால் விரல் நகம் தட்டுப்படும் அளவுக்குக் குழி விழுந்திருந்தால் அந்த இடத்தில் ஒருநாள் உடையும். கிராஃபைட் தண்டில் வண்ணப்பூச்சுக் கீறலுக்கும் இழை பிளந்த கீறலுக்கும் வேறுபாடு உண்டு; நகத்தால் வருடும்போது நார் போல எழும்பினால் அதைத் தொடாதீர்கள். டிரைவர் தலையின் மேற்பரப்பில் இருக்கும் வெள்ளைக் கீறல்கள் வெறும் அழகுக் குறைதான். முகத்தில் மயிரிழை போன்ற விரிசல் இருந்தால் மட்டும் அது முடிந்த கதை.

வெட்ஜ்களில் முகத்தைப் பாருங்கள். நடுவில் நாணயம் அளவுக்குப் பளிச்சென்று தேய்ந்து, அங்கே மட்டும் பள்ளக் கோடுகள் மழுங்கியிருந்தால், அது கடுமையாகப் பயிற்சி செய்தவருடைய வெட்ஜ். அதில் பந்துக்குச் சுழற்சி குறைவாகவே கிடைக்கும். புதியவருக்கு அது பெரிய இழப்பு இல்லையென்றாலும், விலையைக் குறைத்துக் கேட்க நியாயமான காரணம் அது. சாண்ட் வெட்ஜில் அடிப்பாகம் 10 டிகிரிக்கு மேல் தடித்துப் புடைத்திருப்பதைத் தேர்ந்தெடுங்கள். அமெரிக்க ஆட்டக்காரர் ஜீன் சாரசன் அடிப்பாகத்தில் இப்படித் தடிமன் கூட்டிய வெட்ஜோடு 1932இல் பிரிட்டிஷ் ஓப்பனை வென்றார். மணலுக்குள் மட்டை புதையாமல் வழுக்கி வெளியே வருவது அந்தப் புடைப்பினால்தான்.

இனி பலரும் மறந்துவிடும் செலவுக்கு வருகிறேன். கைப்பிடி ரப்பர் வருடங்களில் இறுகிப் பளபளப்பாகிவிடும். மலிவாக வாங்கிய தொகுப்பில் பத்துப் பதின்மூன்று கைப்பிடிகளையும் மாற்ற வேண்டியிருந்தால், அந்தச் செலவே சில வேளைகளில் மட்டைகளின் விலையை எட்டிவிடும். அதனால் பேரம் பேசும்போதே கைப்பிடிகளை எண்ணிக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். ரப்பர் வெடிக்காமல் வழுவழுப்பாக மட்டும் இருந்தால், வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து பிரஷ்ஷால் தேய்த்து, காய்ந்த பிறகு மெல்லிய உப்புத்தாளால் லேசாக உரசிப் பாருங்கள். பாதிக் கைப்பிடிகள் அதிலேயே பிழைத்துவிடும்.

உங்கள் முழங்கை வலியைப் பற்றி ஒரு வார்த்தை. எஃகுத் தண்டு பொதுவாக 90 முதல் 130 கிராம் வரை இருக்கும். கிராஃபைட் தண்டுகள் பெரும்பாலும் 50க்கும் 80க்கும் இடையில்தான். கிராஃபைட் அதிர்வையும் ஓரளவு உறிஞ்சிக்கொள்ளும். டிரைவரை மணிக்கு 95 மைல் அளவுக்கு வீசுபவர்களுக்கே ‘ஸ்டிஃப்’ பொருந்தும் என்பது பொதுவான கணக்கு. நீங்கள் ‘ரெகுலர்’ அல்லது அதைவிட இளகிய தண்டில் தொடங்குவது நல்லது. வலி தொடர்ந்தால் மட்டையைக் குறை சொல்லாமல் மருத்துவரைப் பாருங்கள். உயரம் பெரிய சிக்கல் இல்லை. நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டு, மணிக்கட்டிலிருந்து தரை வரை அளந்து, கடைக்காரரிடம் அந்த அளவைச் சொன்னால் நீளத்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டுமா என்று சொல்லிவிடுவார். அரை அங்குல வேறுபாடு என்றால் இறக்கிப் பிடித்தே சமாளிக்கலாம்.

பதில்: இரண்டாம் வருடம்

இவ்வளவையும் படித்துவிட்டு, ‘இத்தனையும் எனக்கு எப்படிப் பார்க்கத் தெரியும்?’ என்று நீங்கள் மலைத்திருந்தால் அது இயல்பே. நானும் அப்படித்தான் மலைத்துப் புதிய பெட்டித் தொகுப்பை வாங்கினேன், அதற்காக வருந்தவும் இல்லை. மட்டைகளின் சாய்வுகள் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி நிறுவனமே தேர்ந்தெடுத்திருக்கும், தண்டுகள் இலகுவாக இருக்கும், தலைகள் பெரியவை, 3ஆம், 4ஆம் எண் அயர்ன்களுக்குப் பதில் ஹைப்ரிட் இருக்கும், பையும் உறைகளும் சேர்ந்தே வரும். போலிச் சரக்கு பற்றிய பயமும் நம்பகமான கடையில் இல்லை. பெரிய நிறுவனத்தின் புத்தம் புதிய டிரைவரை ஊர்பேர் தெரியாதவர் இணையத்தில் கால் விலைக்குத் தந்தால், அது உண்மையானதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். என் தொகுப்பில் வந்த பட்டர் மிகவும் இலேசாக இருந்தது; பந்தைத் தட்டும்போது தலை எங்கே இருக்கிறது என்றே கைக்குத் தெரியாது, அதை நான்கே மாதத்தில் மாற்றிவிட்டேன். 18 குழிகளும் 72 அடிகளும் கொண்ட ஒரு முழுச் சுற்றில், குழிக்கு இரண்டு என்று 36 அடிகளைப் பட்டருக்கே ஒதுக்கியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இன்னொரு குறை, ஆட்டத்தை விட்டுவிட நேர்ந்தால் பெட்டித் தொகுப்புக்கு மறுவிலை அதிகம் கிடைக்காது. நல்ல பழைய மட்டைகளைப் பெரும்பாலும் வாங்கிய விலைக்கு நெருக்கமாகவே விற்றுவிடலாம்.

கேள்வி கேட்டவர்: ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரன்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பிளேடு தொகுப்பை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நேற்று வேறொருவரிடம் 5 முதல் பிட்சிங் வெட்ஜ் வரை ஆறு கேவிட்டி பேக் அயர்ன்களைப் பார்த்தேன்; கிராஃபைட் தண்டு, ரெகுலர். ‘பட்டறை மேசை’ ஐயா சொன்னபடி சுவரில் சாய்த்து நிறுத்தியதும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. 8ஆம் எண்ணும் 7ஆம் எண்ணும் தோளோடு தோள் சமமாக நின்றன. கேட்டபோது, 8ஆம் எண்ணின் தண்டு ஒருமுறை வண்டிக் கதவில் சிக்கி உடைந்து மாற்றப்பட்டதாக அவரே ஒப்புக்கொண்டு விலையிலும் கொஞ்சம் இறங்கி வந்தார். வாங்கலாமா? இன்னொரு சந்தேகம்: பிட்சிங் வெட்ஜின் அடியில் 44 டிகிரி என்று பொறித்திருக்கிறது, கூடவே 56 டிகிரி சாண்ட் வெட்ஜும் தருகிறார். இரண்டுக்கும் நடுவில் இவ்வளவு இடைவெளி இருப்பது சரியா? அவரிடம் பத்து வருடத்துக்கு முந்தைய 12 டிகிரி டிரைவரும் இருக்கிறது, அது பழையதாகிவிட்டதா என்றும் சொல்லுங்கள்.

பதில்: பட்டறை மேசை

மாற்றிய தண்டும் கிராஃபைட், அதுவும் ரெகுலர் என்றால் தாராளமாக வாங்குங்கள். கைப்பிடி மாற்றும்போது மேல் நுனியில் அரை அங்குலம் வெட்டிவிட்டால் படி ஒழுங்காகிவிடும். ஐந்து நிமிட வேலை.

44க்கும் 56க்கும் இடைவெளி இருப்பது இக்கால அயர்ன்களின் பொதுவான சிக்கல். ‘என் 7ஆம் எண் இவ்வளவு தூரம் போகிறது’ என்று வாங்குபவர் மகிழ வேண்டும் என்பதற்காக நிறுவனங்கள் ஒவ்வொரு எண்ணின் சாய்வையும் குறைத்துக்கொண்டே வந்திருக்கின்றன. 1980களில் 35 டிகிரியை ஒட்டியிருந்த 7ஆம் எண், இன்று தூரத்துக்கென்றே செய்யப்படும் தொகுப்புகளில் 30க்கும் கீழே வந்துவிட்டது. அன்று 48, 50 என்று இருந்த பிட்சிங் வெட்ஜ் இன்று 43, 44. அதாவது இன்றைய பிட்சிங் வெட்ஜ் அன்றைய 9ஆம் எண்தான், பெயர்தான் மாறியிருக்கிறது. 50 டிகிரி வெட்ஜ் ஒன்று பழையதாகக் கிடைத்தால் பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள், இப்போதே அவசரம் இல்லை. மட்டையின் எண்ணை நம்பாமல் டிகிரியைப் பார்த்து வாங்கும் பழக்கம் மட்டும் இப்போதே வரட்டும்.

டிரைவருக்கு வயது ஒரு பொருட்டே இல்லை. தலையின் கொள்ளளவு 460 கன சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று 2004இலேயே வரம்பு வந்துவிட்டது; முகம் பந்தை எவ்வளவு உந்தித் தள்ளலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. பத்து வருடத்துக்கு முன்பே நல்ல டிரைவர்கள் இரண்டு வரம்புகளையும் ஏறக்குறைய தொட்டுவிட்டன. உங்களுக்கு 9ஐவிட 12 டிகிரி எவ்வளவோ மேல். ‘ஏழு மட்டை’ நண்பர் கோபித்துக்கொள்ளாமல் இருந்தால் அதையும் வாங்கலாம் என்பேன்.

பதில்: ஏழு மட்டை

கோபமெல்லாம் இல்லை. வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளட்டும், முதல் ஆறு மாதம் பையில் மட்டும் வைக்க வேண்டாம். அதற்குப் போகும் பணத்தில் ஒரு பயிற்சியாளரிடம் இரண்டு வகுப்புகள் எடுத்தால் அடி இன்னும் சீக்கிரம் சீராகும் என்பதே என் கட்சி. பந்து விஷயத்திலும் இதே சிக்கனம் போதும். இரண்டடுக்குப் பந்துகள், அவையும் பிறர் தொலைத்துத் திரும்ப எடுத்து விற்கப்படுபவையாக இருந்தால் போதுமானது. எப்படியும் நாம் அவற்றை மீண்டும் தொலைக்கத்தான் போகிறோம்.

கேள்வி கேட்டவர்: ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரன்

ஆறு அயர்ன்களையும் சாண்ட் வெட்ஜையும் வாங்கிவிட்டேன். டிரைவரை அவரிடமே விட்டுவிட்டு, 5ஆம் எண் வுட் ஒன்றைத் தனியாகத் தேடிப் பிடித்தேன். பட்டருக்கு மட்டும் கடையில் அரை மணி நேரம் செலவழித்தேன். வழக்கமான 35 அங்குலத்தில் என் முழங்கைகள் மடங்கி விலாவில் இடித்தன. 33 அங்குலத்தில் கண் நேராகப் பந்தின் மேல் விழுந்தது, அதையே எடுத்துக்கொண்டேன். வெட்ஜின் கைப்பிடியும் இரண்டு அயர்ன்களின் கைப்பிடிகளும் வெடித்திருக்கின்றன, மற்றவை சோப்பு நீரில் பிழைத்துவிட்டன. அந்த மூன்றையும், 8ஆம் எண்ணின் நுனியையும் நானே வீட்டில் மாற்றிப் பார்க்கலாமா? மாற்றினால் ஞாயிறு காலை ஆட முடியுமா?

பதில்: பட்டறை மேசை

கைப்பிடியை நீங்களே மாற்றலாம். பழைய ரப்பரைக் கொக்கி வடிவக் கத்தியால், உங்கள் உடலை விட்டு வெளிப்பக்கமாக அறுத்து எடுங்கள். கிராஃபைட் என்பதால் கத்தி நுனி தண்டில் பதியக் கூடாது. பழைய பசையை முழுவதும் துடைத்து, இருபக்கப் பசைநாடாவை ஒட்டி, அதன் மேலும் கைப்பிடியின் உள்ளேயும் கரைப்பானைத் தாராளமாக ஊற்றி, தயங்காமல் ஒரே மூச்சில் தள்ளிவிடுங்கள். பாதியில் நின்றால் அங்கேயே பிடித்துக்கொள்ளும். 8ஆம் எண்ணின் நுனியை வெட்டுவதை மட்டும் விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். முறையற்ற ரம்பம் பட்டால் கிராஃபைட் இழை இழையாகப் பிளந்துவிடும். சனிக்கிழமை மதியத்துக்குள் வேலையை முடித்துவிட்டால் கரைப்பான் இரவு முழுவதும் உலர்ந்து, ஞாயிறு காலை பயமில்லாமல் வீசலாம்.